பழைய கூட்டில் புது இஞ்சின்

நாற்பத்தைந்து மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் துருவமான் மந்தை கடற்கரையை நோக்கிக் கிளம்பும். ரவ்னாவின் பனி ஸ்கூட்டருக்குள் இன்னும் இஞ்சின் இல்லை.

அண்ணன் ஐலுவின் கொட்டகையில் இரண்டு வண்டிகள் வயிறு திறந்து கிடந்தன. ஒன்று அவளுடையது. அகலப் பட்டை, இருபத்தெட்டு வயது, பாரம் இழுக்கவென்றே செய்தது. பிப்ரவரியில் அதன் பிஸ்டன் இறுகிப்போனது. மற்றது ஐலுவுடையது, வாங்கி மூன்று குளிர்காலம்கூட ஆகவில்லை. ஜனவரியில் அவனோடு சேர்ந்து பாறை விளிம்பிலிருந்து உருண்டது. வண்டியின் முதுகு வளைந்தது, அவன் இடுப்பெலும்பு உடைந்தது. இஞ்சினில் மட்டும் ஒரு கீறலும் இல்லை.

"இந்தக் கிழட்டு வண்டிக்கு இந்த இஞ்சினா?" என்றான் ஐலு. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். "கழுதைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு."

"வெல்டிங் பண்ணுறியா, இல்ல நான் பண்ணட்டுமா?"

"நீ பண்ணினா பாதி வழியில கழண்டு விழும். தள்ளுடி."

பழைய இஞ்சின் காற்றில் குளிர்ந்தது. புதியதற்குத் தண்ணீர் ஓட வேண்டும். செவ்வாய் முழுதும் ரவ்னா உடைந்த வண்டியிலிருந்து குழாய்களைக் கழற்றித் தன் வண்டியின் அடிவயிற்றில் பொருத்தினாள். ஐலு தாங்கிகளை அறுத்து ஒட்டினான். தேவைக்கு மேல் ஒரு சொல்கூட இருவரும் பேசவில்லை. பேசியதெல்லாம் குத்தல்.

மாலையில் அவள் பெல்ட் ஓடும் முன் புல்லிக்கும் பின் புல்லிக்கும் நடுவே நேர்ப்பட்டி வைத்து அளந்தாள்.

"மூணு மில்லி விலகியிருக்கு."

"அதெல்லாம் ஓடும்."

"நாப்பது கிலோமீட்டர் ஓடும். அப்புறம் பெல்ட்டைத் தின்னுடும். அறுத்துட்டு மறுபடி ஒட்டு."

"காலேஜ் படிச்சவ சொல்லிட்டா. நான் இருபது வருஷமா ஸ்கூட்டர் ஓட்டுறேன்."

"ஓட்டின லட்சணம்தான் பாறையில தெரிஞ்சுதே."

அண்ணி மாரெத் காப்பிக் கெண்டியோடும் உலர்ந்த இறைச்சியோடும் வந்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கெண்டியை வாசலிலேயே வைத்துப் போய்விட்டாள். ஐலு முகமூடியை இறக்கிக்கொண்டு தாங்கியை அறுத்தான். பொறி ரவ்னாவின் சட்டைக் கையில் விழுந்தது. அவன் நகரச் சொல்லவில்லை. அவளும் நகரவில்லை.

"உன் மானுங்களுக்குத் தீனி இழுத்துதான் என் இஞ்சின் செத்துச்சு," என்றாள் அவள். "பனிக்கு மேல ஐஸ் கட்டிக்கிச்சு. அடியில இருக்கிற பாசியை ஒரு வாய்கூட மானுங்களால தோண்டித் தின்ன முடியல. தினமும் ரெண்டு தடவை இழுத்தேன்."

"நான் கேட்டேனா?"

அவன் கேட்கவில்லைதான். அவன் எதையுமே கேட்கவில்லை. மூன்று மாதம் கட்டிலில் கிடந்தான். அவனுடைய நூற்றுக்கணக்கான துருவமான்களை அவள்தான் தன்னுடையவற்றோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் வானிலையைக் கேட்பான், ஓநாய்த் தடத்தைக் கேட்பான். எண்ணிக்கையைக் கேட்க மாட்டான். ஒருவரிடம் எத்தனை மான் என்று கேட்பது அவர் சட்டைப்பைக்குள் கைவிடுவது போல. தன் மானைப் பற்றியே இன்னொருத்தியிடம் கேட்பது அதைவிடக் கேவலம். தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளும் சொல்லவில்லை. கேட்காமல் சொல்வதும் வழக்கமில்லை.

புதன் மதியம் இஞ்சின் உட்கார்ந்தது. அளந்தாள். புல்லிகள் நேர்கோட்டில் இருந்தன. தண்ணீர் ஊற்றினாள், ஒழுகவில்லை. கம்பிக் கொத்தை இழுத்துக் கைப்பிடி வரை கட்டினாள். ஒரே ஒரு முனை மட்டும் காலியாகத் தொங்கியது. எரிபொருளையும் பொறியையும் கணக்குப் பார்க்கும் சின்னக் கறுப்புப் பெட்டி அங்கே வர வேண்டும்; அது இல்லாமல் இஞ்சின் ஓடாது. உடைந்த வண்டியில் அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"பெட்டி எங்கண்ணே?"

"வீட்டுக்குள்ள இருக்கு."

"கொண்டா."

ஐலு காப்பியைக் குடித்து முடித்தான். கோப்பையை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"இந்த வருஷம் உன் கன்னுல பாதிக்குக் காதுல என் அடையாள வெட்டு விழணும். சரின்னு சொல்லு, பெட்டி வரும்."

ரவ்னா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"இஞ்சினைத் தர்றேன்னு சொன்னப்ப இதைச் சொல்லல நீ."

"இஞ்சினைத் தந்துட்டேனே. பெட்டியைப் பத்தி யார் பேசினா?"

"தரலைன்னா?"

"மாரெத்தோட ஸ்கூட்டர்ல நான் போவேன். நீ இங்கயே கிட. கன்னு போடுறப்ப மந்தையோட இருக்கப்போறது நான். எந்தக் கன்னு எந்தத் தாயோடதுன்னு அப்புறம் நீ வந்து சொல்லிக்கோ. ஜூலையில காது வெட்டுற கத்தி என் கையிலதான் இருக்கும்."

கன்றின் காதில் வெட்டு ஒருமுறைதான் விழும். விழுந்தபின் அது யாருடையது என்பதில் பேச்சுக்கு இடமில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

"பாதி," என்றாள் அவள்.

"பாதிதான் கேக்குறேன். என்னோடதுக்கு நடுவுல உன்னோடது எங்க இருக்குன்னு தேடணும். நாலஞ்சு குட்டி கூடினாலும் குறைஞ்சாலும் எனக்குத் தெரியக்கூடப் போறதில்ல. உனக்காகத்தான் சொல்றேன். பெரிய மந்தையோட ஒட்டிக்கோ. தனியா வெட்டு வச்சுக்கிட்டு என்ன கிழிக்கப்போற?"

மாரெத் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கெண்டியை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"அவகிட்ட பெட்டியைக் குடுத்துடுங்க," என்றாள்.

"நீ உள்ள போ."

ரவ்னா கையைத் துணியில் துடைத்தாள். விரலிடுக்கில் இருந்த கிரீஸ் போகவில்லை. மறுபடி துடைத்தாள். எண்ணிக்கைப் பேச்சை அவள் யாரிடமும், அப்பாவிடம்கூட, ஒருநாளும் பேசியதில்லை.

"மார்ச் மாசம் எல்லாத்தையும் பட்டியில அடைச்சோம்," என்றாள். "ரெண்டு நாள் நின்னேன். ஒவ்வொரு காதாப் பார்த்தேன்."

ஐலுவின் கோப்பை முழங்காலிலிருந்து நழுவியது. பிடித்துக்கொண்டான்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"நீ கேக்கலைல்ல."

"யாரும் கேக்கறதில்ல. வாயை மூடு, ரவ்னா."

"பெரிய மந்தைன்னு சொன்னியே."

"மூடுன்னு சொன்னேன்!" ஊன்றுகோலை எட்டினான். அது சுவரோடு சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. மாரெத் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஐஸ் கட்டினப்ப உன்னோடது வடக்குச் சரிவுல மாட்டிக்கிச்சு," என்றாள் ரவ்னா. "பாதித் தீனி போய்ச் சேர்றதுக்குள்ள என் வண்டி நின்னுடுச்சு. உன் வெட்டோட உயிரா இருக்கிறது அறுபத்தொண்ணு, அண்ணே."