கேட்காத கீச்சு

என் தம்பி நிபால்டோவுக்கு ஐம்பத்து நாலு வயதில் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பூரிப்பில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி யாஸ்னா அவனைவிட ரொம்ப இளையவள். அவளுக்கு வடக்கே செம்புச் சுரங்கத்தில் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. அவள் இல்லாத வாரங்களில் குழந்தை ரயேனை நானும் அவனும் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் வால்பரைசோ நகரத்து மேட்டில் தெருநாய்களுக்கா பஞ்சம்? பிள்ளை கண்ணயரும் நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழே கூடிக் குரைக்கும். ரயேனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது ஒருமுறை, யாஸ்னா சுரங்கத்துக்குக் கிளம்பியதும் நிபால்டோ மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சாலிடரிங் இரும்பைக் கையில் எடுத்துவிட்டான். மனிதர் காதில் விழாத ஒலியை எழுப்பி நாய்களை விரட்டப்போகிறானாம்.

முதலில் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் செய்து பார்த்தான். நொடிக்கு முப்பதாயிரம் அதிர்வு, யாருக்கும் கேட்காது. பிறகு, கருவியின் பெட்டி சின்னதாக இருக்கட்டும் என்று பலகையிலிருந்து சிப்பை மட்டும் கழற்றி அதில் வைத்தான். பலகையில் வேகத்தைக் கட்டிக்காத்த படிகம் இல்லாவிட்டால் அந்தச் சிப் பாதி வேகத்தில்தான் ஓடும், நிரலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். மகாராஜா மாற்றவில்லை. முப்பதாயிரம் பதினைந்தாயிரமாக இறங்கிவிட்டது. அது இளங்காதில் ஊசியாக இறங்கும். எங்கள் கிழட்டுக் காதுகளை எட்டவே எட்டாது.

“ஒண்ணுமே கேக்கலையேடா?” என்றேன்.

“கேக்கலைன்னாதான்க்கா சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெளிய எட்டிப் பாரு, ஒரு நாயாவது இருக்கா?”

உண்மைதான், தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

மழைக்காலம் என்பதால் பெட்டியை ஜன்னலுக்கு உள்பக்கம், தொட்டிலுக்கு மேலேயே மாட்டினான். அன்றிலிருந்து ரயேன் வீறிட்டு அழுதாள்.

“பல்லு முளைக்குதுக்கா.”

“பல்லுக்கா இந்த அழுகை? காதைப் பிச்சுக்கிறாளே, பாருடா!”

“நீ என்ன பெத்தியா, வளத்தியா? சும்மா இரு.”

சுருக்கென்றது. நாய்கள் மறுபடி தலைகாட்டியதும் அவன் பெட்டியில் ஒலியெழுப்பும் தகடுகளை இன்னும் கூட்டி, மின்னழுத்தத்தையும் ஏற்றினான்.

பிறகு ஒருநாள் ரயேன் அழுகையை நிறுத்தினாள். தொட்டிலில் போட்டால் அப்படியே தூங்கினாள். நிபால்டோ மார்தட்டிக்கொண்டான். எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அத்தனை கத்திய பிள்ளை இப்படித் திடீரென்று அடங்குமா?

யாஸ்னா திரும்பி வந்த மாலை நாங்கள் தேநீரோடு ரொட்டியில் அவகாடோ தடவிக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்தவள் பையைப் போட்டுவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

“என்னங்க இது கீச்சுன்னு? மண்டையைத் துளைக்குது! முதல்ல நிறுத்துங்க!”

“எந்தச் சத்தம்?” என்றான் நிபால்டோ. நானும் விழித்தேன்.

அவள் உள்ளே ஓடி, பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். பின்னாலேயே போன நிபால்டோ பெட்டியைத் திறந்து சிப்பைப் பார்த்தான். “படிகம்...” என்று முணுமுணுத்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

ரயேன் எங்களுக்கு முதுகு காட்டி, தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ரயேன், கண்ணு, அம்மா வந்துட்டேன் பாரு.”

திரும்பவில்லை.

“ரயேன்!”

நிபால்டோ சமையலறைக்குப் போய்ப் பெரிய பாத்திரமொன்றை எடுத்துவந்து, அவளுக்குப் பின்னால் தரையில் ஓங்கிப் போட்டான். நாங்கள் மூவரும் துள்ளி விழுந்தோம். குழந்தை இன்னொரு கட்டையை எடுத்து மேலே வைத்தாள்.