அத்தையின் பெட்டி கீழேதான் இருக்கிறது

மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுவோமே, அந்தத் தாளுக்குப் பிழை திருத்துகிறவன் நான். பதினாறு வருடமாக இதுதான் வேலை. வாந்தி, தலைசுற்றல், அரிப்பு என்று நாள் முழுக்கப் படிக்கிறவனுக்கு இலக்கியப் பித்தும் சேர்ந்து பிடித்தால் கட்டிக்கொண்டவள் கதி என்ன ஆகும்? என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்துமடல் என் கைவண்ணம்தான். நேராக ஒரு வரி எழுத மாட்டேன். ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு பழைய கதையைத் தொட்டுக்காட்டும். புரிகிறவனுக்குப் புரியட்டும் என்ற திமிர். போன வருடம் ஸ்டோர்கீப்பருக்கு ஒன்று வாசித்தேன், பலமான கைதட்டல். மறுநாள் மனிதர் என் மேஜைக்கு வந்து, "சார், நேத்து என்னைப் புகழ்ந்தீங்களா, திட்டினீங்களா? வீட்டுல கேக்குறாங்க" என்றார். அவருக்கு ஞானம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்பேர்ப்பட்ட மேதை, மனைவியின் வீட்டாரிடையே பதினொரு வருடம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தான்.

என் மனைவிக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா. கடைசித் தம்பி ஒருவன் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவன் படம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இந்த மூன்று பேரும் சேர்ந்துவிட்டால் முழு வாக்கியம் பேச மாட்டார்கள். "சிவப்புச் சைக்கிள்" என்பார் அண்ணன். மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "டாக்டர் செருப்பு" என்பாள் அக்கா. அதற்கும் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ வீட்டுக் கதை. கல்யாணமான முதல் வாரம், புது மாப்பிள்ளை பேந்தப் பேந்த முழிக்கக் கூடாதே என்று நானும் சிரித்துவைத்தேன். தெரிந்த மாதிரி சிரித்துவிட்டு, அடுத்த வாரம் போய் "அது என்ன சைக்கிள்?" என்று கேட்டால் மானம் என்ன ஆவது? கேட்காமலேயே இருந்துவிட்டேன். அவர்கள் சிரிக்க ஆரம்பித்து அரை வினாடி கழித்து நானும் சேர்ந்துகொள்வேன். அதில் கை தேர்ந்தவன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டில் சாப்பாடு. அக்காவின் மகன் வேலைக்கென்று வெளிநாடு போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அக்கா பேச்சோடு பேச்சாக, "பழக்கத்துல அவன் சட்டையையும் எடுத்து இஸ்திரி போட்டு வச்சேன். நாலாவது டம்ளர்தான்" என்றாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை வினாடி எண்ணிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். தலையைத் தூக்கினால் வேறு யாரும் சிரிக்கவில்லை. மச்சான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

பஸ்ஸில் வரும்போது மனைவி கேட்டாள், அதில் என்ன சிரிப்பு கண்டீர்கள் என்று. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். நானா சொல்வேன்? சோகத்துக்குள் ஒளிந்திருக்கும் நகைச்சுவை பற்றி மூன்று நிறுத்தத்துக்கு விளக்கினேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மறுநாள் காலையில் தோள்பையை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் வீறாப்பாக இருந்தேன். நான்காம் நாள், "உன் முடிவு என்ன?" என்று செய்தி அனுப்பினேன். மதியம், அச்சகத்தில் இருக்கும்போது பதில் வந்தது. "அத்தை பெட்டி கீழதான் இருக்கு."

அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத் தாளில் எழுதி, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஆராய உட்கார்ந்தேன். அத்தை என்பது என் மாமனாரின் அக்கா, நான் பார்த்ததில்லை. அவர் விட்டுப்போன பழுப்பு நிறப் பெட்டி கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. பரணில் ஏற்றிவிடலாமே என்று ஒரு தரம் சொன்னதற்கு, கீழேயே இருக்கட்டும் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தாள் வெட்டுகிற மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "புரியலைன்னா போன் போட்டுக் கேளுங்க சார். மாத்திரைத் தாள்ல ஒரு புள்ளி சந்தேகம்னாகூட ஓரத்துல கேள்விக்குறி போட்டு கம்பெனியைக் கேக்குறவர்தானே நீங்க?" என்றார். அது தொழில், இது உள்ளுறைப் பொருள், உமக்குப் புரியாது என்று அனுப்பிவிட்டேன். பிறகு எனக்கே பளிச்சென்று விளங்கியது. பெட்டி கீழே இருக்கிறது, எடுத்து என் துணிமணிகளை அதில் வைத்து அனுப்பு என்கிறாள். எல்லாம் முடிந்தது.

மனசு விண்டுபோயிற்று. ஆனாலும் கௌரவம் இருக்கிறதே. அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவள் புடவைகளை மடித்து வைத்தேன். மேலே என் பாணியில் ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அச்சக வேனில் பெட்டியை அனுப்பினேன்.

சாயங்காலம் மச்சான் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, பெட்டி வந்துச்சு. அவ அதைத் திறக்கக்கூட இல்ல. பக்கத்துலயே உக்காந்திருக்கா. நிஜமாவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

நானா முடிவு பண்ணினேன்? சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவள் கூடத்தில் தரையில், பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளை அப்படிப் பார்த்ததும் என் பதினொரு வருட மானம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "அத்தை பெட்டி தெரியாது. நாலாவது டம்ளர் தெரியாது. சைக்கிள் தெரியாது. இத்தனை வருஷமும் சும்மாதான் சிரிச்சேன்."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர் செருப்புமா?" என்றார்.

"அதுவும்தான் மச்சான்."

அவள்தான் சொன்னாள். அத்தை இரண்டு நாள் தங்க வந்தவராம். யாரோடாவது சண்டை வந்தால், "நாளைக்கே கெளம்பிடுவேன், பெட்டி கீழதான் இருக்கு" என்பாராம். பெட்டியைப் பரணில் ஏற்றவே விடவில்லை. அப்படியே பத்தொன்பது வருடம் இருந்தாராம். அந்த வீட்டில் யார் கோபித்துக்கொண்டாலும் அப்புறம் அதைத்தான் சொல்வார்கள். கோபம் இருக்கிறது, ஆனால் போக மாட்டேன் என்று அர்த்தம்.

போக மாட்டேன் என்று சொன்னவளுக்குத்தான் புடவைகளை மடித்து அனுப்பியிருக்கிறேன். செருப்பால் அடித்தாலும் தகும்.

"நாலாவது டம்ளர்?" என்று கேட்டேன்.

அவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். "தம்பி போன மறுநாள், அம்மா பழக்கத்துல நாலு டம்ளர்ல பால் ஊத்திட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் நாலு டம்ளர்தான் வந்துச்சு. அம்மா கண்ணுல படக்கூடாதுன்னு நாலாவதை நாங்க மூணு பேரும் பங்கு போட்டுக் குடிச்சிடுவோம்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு என் காதிலேயே கேட்டது. மச்சானிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"நீங்க எதையும் கேட்டதே இல்லையே, அதான் எல்லாம் புரிஞ்ச மனுஷன்னு நெனச்சுட்டேன்" என்றாள் மனைவி. "கேட்டிருந்தா மொத வாரமே சொல்லியிருப்பேன்."

அன்றைக்கே பஸ் ஏறினோம். பெட்டி என் மடியில்தான் வந்தது. வீட்டில் அதைத் திறந்ததும் என் கடிதம் மேலே கிடந்தது. படித்தாள். என் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை உருவி, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கையில் கொடுத்தாள். முதல் இரண்டு வரிகளுக்கு எப்படியோ கதை சொல்லிச் சமாளித்துவிட்டேன். மூன்றாவது வரி, எவனோ எப்போதோ பேசிய ஒரு மேடைப் பேச்சில் பொறுக்கியது. அதற்குப் பின்னால் என்ன கதை என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

"இது?" என்றாள்.

"தெரியல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சேர்ந்து சிரிக்கவில்லை; அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புடவைகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, காலிப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.