பின்சீட்டில் மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கம் இரண்டே மிதிகள்தான். ஒன்று கிளட்ச், இன்னொன்று பிரேக். ஆக்ஸிலேட்டர் கிடையாது. கற்றுக்கொள்பவர் தப்பு செய்தால் காரை நிறுத்துவதற்குத்தான் அவர் பக்கத்தில் இருக்கிறார், ஓட்டுவதற்கு அல்ல. வருஷக்கணக்கில் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்ததில், உலகத்தில் அசைகிற எல்லாமே நிறுத்தப்பட வேண்டியவை என்ற முடிவுக்கு மாஸ்டர் வந்திருந்தார். வீட்டில் யாராவது புதுத் திட்டம் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் போதும், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் ஒருமுறை அமுங்கி எழும்.

முதல் வகுப்பில் அவர் நடத்தும் பாடமும் இதுதான். காரைக் கிளப்புவது என்ன பெரிய வித்தை, சரிவில் விட்டால் அதுவே போகும், நிறுத்தத் தெரிந்தவர்தான் டிரைவர் என்பார். சீட்டை இழுத்துப் போடச் சொல்வார், கண்ணாடியைத் திருப்பச் சொல்வார், பெல்ட்டை மாட்டச் சொல்வார், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கச் சொல்வார். இதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். அப்புறம் கிளட்சை மெல்ல விடச் சொல்வார். மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்று இதுவரை யாருக்கும் புரிந்ததில்லை. கார் நாலு குதி குதித்துத் தானாகவே நின்றுபோகும். அப்படி நிறுத்துவது மட்டும் அவர் கணக்கில் சேராது.

ஆனால் மனுஷன் நல்ல வாத்தியார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் மாணவர்களுக்குத் தெரியாமல் தானே பிரேக்கை மிதிப்பார். போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுத்துக்கொள்வார். கடைசி வகுப்புகளில் இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு, பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். வாங்காமல் நின்றது அவருடைய மனைவிதான்.

மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளைத் தேடிப்போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டு, நடக்கவைத்துப் பார்த்துவிட்டு வரும் வேலை. காலையில் மாஸ்டர்தான் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் அவரே கூட்டி வருவார். நடுவில் அவருக்கு எப்போது வகுப்பு இல்லையோ அப்போதுதான் அவளை அடுத்த நோயாளியிடம் கொண்டுபோக முடியும், அவர் புண்ணுக்குக் கட்டு மாறும். இப்போது அவளைத் தலைமை நர்ஸாக்க முடிவு செய்திருந்தார்கள். நிர்வாகமே கார் கொடுக்கும், லைசென்ஸ் மட்டும் வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் அந்த வேலையை இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மேலதிகாரி அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

இரண்டாம் முறை ஃபெயில் போட்டபோது லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் ஒரு விஷயம் சொன்னார். கியர் நன்றாக மாற்றுகிறாள், திருப்புவதும் சுத்தம், ஆனால் பிரேக் போட மட்டும் யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. அடுத்த நாள் மாஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டும்போது, சிவப்பு விளக்கைப் பார்த்தும் வேண்டுமென்றே காலை அசைக்காமல் இருந்தாள். கார் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. அவள் கீழே குனிந்து அவருடைய ஷூவைப் பார்த்தாள்.

"நான் இன்னும் காலையே வெக்கலங்க. கார் நின்னுடுச்சு."

கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்கள். மாஸ்டர் காலும் களவுமாகப் பிடிபட்டார். பழக்கதோஷம் என்று சமாளித்தார். மற்றவர்களிடம் விட்டுப்போகிற பழக்கம் தன்னிடம் மட்டும் ஏன் விடவில்லை என்று அவள் கேட்டாள். விளக்கு பச்சையாகிவிட்டது என்று அவர் கையைக் காட்டினார். அன்று முதல் அவரை அந்தச் சீட்டின் மேல் சம்மணம் போட வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள். முட்டி இரண்டும் டாஷ்போர்டில் இடிக்க, பெல்ட் வயிற்றைப் பிடிக்க, மாஸ்டர் ஊர்வலம் போனார். பழைய மாணவர் ஒருவர் நடைபாதையிலிருந்து வணக்கம் சொல்லிவிட்டு, அப்புறம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். திருப்பம் வந்தால் மாஸ்டரின் கால் நழுவிக் கீழே இறங்கும். அவள் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அது மேலே ஏறும்வரை காத்திருப்பாள்.

மூன்றாவது பரீட்சை நாள் வந்தது. பாஸானால் திங்கட்கிழமை முதல் புது வேலை, புதுக் கார். பரீட்சையின்போது மாஸ்டருடைய சீட்டில் இன்ஸ்பெக்டர் இருப்பார், மாஸ்டர் பின்சீட்டில் இருக்க வேண்டும், அதுதான் அங்கே விதி. போன முறை மாஸ்டர் பின்னாலிருந்து இருமி இருமிச் சைகை கொடுத்ததை இன்ஸ்பெக்டர் மறக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததுமே திரும்பி, இருமலோ செருமலோ தும்மலோ, பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தாலும் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்தது, ஃபெயில்தான் என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் தலையை ஆட்டினார். அதற்குக்கூடச் சத்தம் வந்துவிடுமோ என்று பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

கார் கிளம்பியது. குதிக்கவில்லை. பின்கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. கூட வரும் சொந்தக்காரர்கள் பயந்துபோய் நடுரோட்டில் இறங்கிவிடக் கூடாது என்று அவரே செய்த ஏற்பாடு. ஜன்னலையும் முன்னாலிருந்துதான் இறக்க முடியும். மிதி இல்லை, ஸ்டியரிங் இல்லை, இப்போது வாயும் இல்லை. எதிரே ஒரு லாரி வளைவில் அகலமாகத் திரும்பியது. மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் முன்சீட்டில், அவருடைய உதவி இல்லாமல் நடந்தது.

பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக்கோடு. பிள்ளைகள் சாலையைக் கடக்கத் தயாராக நின்றார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கார் வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, குலுங்காமல் நின்றது. கண்ணைத் திறந்தார். கோடு முன்னால் பளிச்சென்று கிடந்தது.

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. அவள் கோட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று இவ்வளவு நேரமும் தான் காத்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருக்கே அவரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆனால் காரணம் இருந்தது. காலையும் மாலையும் அந்தக் காரில்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள். எந்த நோயாளி எழுந்து நடந்தார், யாருடைய மருமகள் மருந்தைத் தூக்கி எறிந்தாள், எந்த வீட்டு நாய் அவளைப் படியேற விடவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள், அவர் சிரித்துக்கொண்டே ஓட்டுவார். வீட்டுக்குள் நுழைந்தால் ஆளுக்கொரு பக்கம். அவருக்கு டிவி, அவளுக்கு அடுப்பு, அப்புறம் தூக்கம். லைசென்ஸ் கிடைத்துவிட்டால் அந்தப் பேச்சும் அவளோடு இன்னொரு காரில் ஏறிப் போய்விடும். இத்தனை நாளும் அவர் கால் காரை மட்டும் நிறுத்திக்கொண்டிருக்கவில்லை.

கடைசியாக, நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ரிவர்ஸில் நுழைக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அந்த நேரம் பார்த்து மாஸ்டரின் தொண்டையில் கரகரவென்று ஏதோ ஊர்ந்தது. நடிப்பில்லை, நிஜமான இருமல். இருமினால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. தொண்டைக்கு மாஸ்டர் என்ன செய்வார்? திங்கட்கிழமை காலையும் பக்கத்துச் சீட்டில் அவள் இருப்பாள், நாய்க் கதை தொடரும்.

பின்னால் பார்ப்பதற்காக அவள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அதில் அவருடைய முகம்தான் இருந்தது, சிவந்து, உப்பி. அவளுக்குப் புரிந்துவிட்டது. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் தெரிந்த வண்டிக்குக் கண்ணை மாற்றிக்கொண்டாள்.

மாஸ்டர் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. அவருடைய வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எந்தக் காரும் ஓடியதில்லை. ஹேண்ட் பிரேக் ஏறும் சத்தம் கேட்டது.

பாஸ் என்றார் இன்ஸ்பெக்டர். பின்னால் திரும்பி, உங்கள் மாஸ்டர் ஆனந்தத்தில் அழுகிறார் என்று அவளிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் கதவைச் சாத்தியதும் மாஸ்டர் கைக்குட்டையை உருவிவிட்டு, குடல் வெளியே வருகிற மாதிரி இருமித் தீர்த்தார். அவர் முடிக்கும்வரை அவள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே இருந்தாள்.

"இருமிடுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அவள் திரும்பி உட்கார்ந்து அவரை நேராகப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. திங்கட்கிழமை முதல் அவள் கதையெல்லாம் தனக்குக் கிடைக்காதே என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"வீட்டுல பேசலாமே. அது எங்கயும் ஓடிப்போகாது."

மாஸ்டர் கைக்குட்டையை மடித்தார், மறுபடி பிரித்தார்.

"வீட்டுல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையே" என்றார்.