நாத்தனார் முடிச்சு

வாழைக்கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அழகுமுத்து மாமா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் படிகளில் இறங்கி வந்தபோது தப்பு மேளம் நின்றது. தலவாக்கலைக் குளிரில் வாழை லேசில் வளராது. வட்டவளைக்குப் போய் வெட்டி, பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்.

"பொண்ணுக்கும் கண்டக்டர் டிக்கெட் போட்டானா?" என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். வினோதா திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள்.

வீட்டு முகப்பு இஸ்தோப்பில் பெஞ்சின் மேல் அவள் அண்ணன் துஷாந்தைக் கிடத்தியிருந்தார்கள். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போனவன், காய்ச்சலோடு திரும்பி ஆஸ்பத்திரியில் முடிந்துபோனான். கல்யாணமாகாதவனை அப்படியே புதைத்தால் ஆவி அலையுமாம். வாழைக்குத் தாலி கட்டவைத்துத்தான் அனுப்புவார்கள்.

ஏற்பாடெல்லாம் அத்தை வீரம்மா. தன் மகளை அவன் வேண்டாம் என்ற நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவள்.

"உசுரோட இருக்கையில எம்மகளுக்குக் கட்டமாட்டேன்னான். வாழைக்காவது கட்டட்டும்."

"அண்ணன் கல்யாணமே வேணாம்னுதான் சொன்னிச்சு, அத்த."

"ஒங்கிட்ட வந்து சொன்னானாக்கும்!"

ஒருவிதத்தில் சொல்லித்தான் இருந்தான். டீவியில் சிங்களம் பேசும் ஜப்பான் கார்ட்டூன் ஒன்றில், பனியில் தனியாகச் செத்துப்போகும் கோட்டைக் காவலன் வருவான். வினோதாவும் டீச்சர் மகள் லோஜனாவும் அவனுக்குப் 'பனியன்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவனுக்கு ஏற்ற ஜோடி வைத்தியச்சியா, எதிரி நாட்டு இளவரசியா என்று வாரக்கணக்கில் சண்டை. டவுன் நெட் கபேயில் பார்த்தால் உலகம் முழுக்க அதே சண்டை நடந்துகொண்டிருந்தது. வினோதா இளவரசியோடு சேர்த்துக் கதையே எழுதினாள். அதில் அவன் சாகவில்லை, பிள்ளைகள் பெற்றான்.

துஷாந்த் அதைப் படித்துவிட்டுச் சொன்னான்: "செத்தவன் வேணாம்னு சொல்லமாட்டான்ல. அதான் ஆளாளுக்கு ஜோடி சேக்கிறீங்க."

அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

மாமா வாழையைப் பெஞ்சோரம் நிறுத்திப் பிடித்தார். துஷாந்தின் விரல்களில் மஞ்சள் கயிற்றைத் தொடவைத்து, அதை வாழையில் சுற்றினாள் அத்தை.

"முடிச்சுப் போட வாடி. நாத்தனார் நீதானே."

"நான் போடமாட்டேன்."

"நெட்டுல கண்டதப் படிச்சிட்டு வந்த திமிரு! அண்ணன் பேயா அலையணுமா?"

"அலைஞ்சா மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் வரும்."

"போட்டுத் தொல, மழை வருது," என்றார் அப்பா செல்லசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

சுவரோரம் கிடந்த அம்மா மெல்லத் தலையைத் தூக்கினாள். "எம்புள்ள ஒத்தையாப் போகக்கூடாதும்மா."

வினோதா எழுந்து வாழையருகே போனாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, கயிற்றின் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி மட்டும் விட்டாள்.

"மூணு முடிச்சும் போட்டியா?"

"போட்டாச்சு."

அத்தை குலவையிட்டாள். தப்பு மறுபடி அதிர்ந்தது. அம்மா கைகூப்பினாள். துஷாந்தைப் பாடைக்கு மாற்றி, தூக்குகிறவர்கள் குனியும்போது மாமா வாழையை முற்றத்துக்கு இழுத்துப் போய் சடங்குப்படி ஒரே வெட்டில் சாய்த்தார்.

விழுந்த வேகத்தில் கயிறு தனியே கழன்று சேற்றில் கிடந்தது. எல்லோர் பார்வையும் பாடையின் மேல்தான். வினோதா போய் அதன்மேல் காலை வைத்து, பாடை தேயிலைப் பாதையில் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.