லிவியாவின் கன்ட்ரோலர் வேலை செய்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. திமிஷோரா நகரில் எங்கள் லினக்ஸ் குழுவில் யார் வீட்டில் எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை குழு நண்பன் ஹோரியா கூப்பிட்டபோது நான் அப்போதுதான் சூப்பில் கரண்டியை வைத்திருந்தேன். அவனைப் பழிவாங்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: கட்டற்ற மென்பொருள் என்பது மனித குலத்தின் மாபெரும்...

(எனக்கே கொட்டாவி வருகிறது.)

தொடக்கம் இரண்டு: லிவியா கோபமாக இருந்தாள்.

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

லிவியா ஹோரியாவின் மனைவி. அவளுடைய அக்கா இலிங்கா இத்தாலியில், டொரினோவில், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். ஞாயிறு மதியம் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் கார்ப் பந்தயம் ஆடுவார்கள். போனில் பேசினால் சண்டை வரும், பந்தயத்தில் வராது.

வெள்ளிக்கிழமை போனில் பேசிவிட்டார்கள். இந்த ஈஸ்டருக்கும் ஊருக்கு வர முடியாது என்று அக்கா சொல்ல, "அப்ப இனிமே வரவே வராத" என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள். ஞாயிறு ஆட்டத்துக்கும் லிவியா போகாவிட்டால், அதை நிஜமாகவே சொன்னாள் என்றுதான் இலிங்கா நினைப்பாள்.

இதற்கு நடுவில், யாரும் கேட்காமலே, சனிக்கிழமை ஹோரியா வீட்டுக் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டிருந்தான்.

(அவனை வில்லனாக்கலாமா என்று யோசித்தேன். சூரியகாந்தி விதை கொறித்தபடி அவன் அசடு வழிந்தது நினைவுக்கு வந்தது. மனம் வரவில்லை.)

3

நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, லிவியா எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஆட்டத்துக்கான கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை.

"இலவசம் இலவசம்னு குதிச்சியே, இப்ப என் உயிர வாங்குது!"

"காலையில எனக்கு வேலை செஞ்சுது லிவி, சத்தியமா."

"உனக்கு ஓடுது, எனக்கு மட்டும் ஓடாதா? என் கையில என்ன முள்ளா இருக்கு?"

எங்கள் கூட்டத்தார் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. சந்தையில் வாங்கிய பெயரில்லாத கன்ட்ரோலர். அது என்ன சாதனம் என்றே கணினிக்குப் புரியவில்லை. ஆகவே சாதாரணப் பயனர் யாரும் அதைத் தொட அனுமதி இல்லை. ஹோரியாவோ அட்மினாக நுழைந்து சோதித்திருக்கிறான். அட்மினுக்கு எல்லாக் கதவும் திறக்கும். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டே இல்லையே என்று சொன்ன ஆள் அவன்.

"அட மடையா, அட்மினா போயா ஆட்டம் ஆடுன?" என்றேன்.

"சும்மா... டெஸ்ட்டுக்கு..."

இந்தக் கணினியில் உட்காருபவர் யாரானாலும் இந்தக் கன்ட்ரோலரைத் தொடலாம் என்று ஒரு வரி விதி எழுதினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். லிவியா பொத்தானை அழுத்தினாள். கார் உறுமியது.

அப்பாடா! என் எரிச்சலும் அத்தோடு போய்விட்டது. இனி எதை வைத்து இந்தக் கதையை முடிப்பது?

4

முடிவு அ: இலிங்கா அழுது மன்னிப்புக் கேட்கிறாள். (அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: இலிங்கா வரவில்லை. லிவியா தனியாக...

இல்லை, இதை நான் எழுத மாட்டேன்.

நடந்தது இதுதான். இலிங்கா ஆட்டத்தில் ஏற்கெனவே காத்திருந்தாள்; ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"எங்கடி போன இவ்ளோ நேரம்? நீ வரவே மாட்டன்னு நெனச்சிட்டேன்."

"எல்லாம் இந்த மனுஷனால."

பந்தயம் தொடங்கியது. லிவியா இரண்டு முறை சுவரில் மோதினாள். அக்காவின் கார் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது. கடைசி வளைவில் திரும்பினால், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் அது சும்மா நிற்கிறது. லிவியா பக்கத்தில் போய்த் தானும் நிறுத்தினாள்.

"நீ முதல்ல போடி."

"நீ போக்கா."

"சொன்னா கேளு, போ."

"நீ போனாத்தான் நான் போவேன்."

ஹோரியா விதை கொறிப்பதை நிறுத்திவிட்டான். நான் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இதில் ஒருத்தியை முதலில் கோட்டைத் தாண்ட வைக்க எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள், இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.