கும்மி வட்டத்தில் ஓர் இடம்

குருவம்மாள் பாடினால்தான் எங்கள் தெருவில் கும்மி நடக்கும். ஆனால் அவள் தன் வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்றுதான் பாட வேண்டும். பதினேழு வயதில் தாலி அறுத்தவள் பார்த்தால் முளைப்பாரி கருகிவிடுமாம். அவள் பாட்டைக் கேட்டால் மட்டும் தழைத்து வளருமாம். இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவர்கள் வாயில் மண் விழ.

ஜெர்மன் சண்டை நடந்த வருஷம், எங்கள் அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழா. காலையில் சிற்றாற்றில் துணி துவைக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏட்டி பேச்சி, இன்னைக்கு நானும் வருதேன். ஒரே ஒரு தடவ. உம் பக்கத்துல எடம் விடு. நீ கை குடுத்தா மத்தவளுவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுவ."

"வாட்டி, நா இருக்கேம்லா" என்றேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும்.

எங்கள் கும்மியில் ஒவ்வோர் அடி முடிவிலும் திரும்பி, பக்கத்தில் இருப்பவள் உள்ளங்கையில் தட்ட வேண்டும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் தட்டுவதற்கு ஒரு கை வேண்டும். குருவு ரெண்டு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் தன் கையிலேயே தட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து கோயில் முற்றத்தை நனைத்துக்கொண்டிருந்தது. நடுவில் முளைப்பாரி, சுற்றிலும் நாங்கள் பதினைந்து பேர். நாலாவது பாட்டில், முற்றத்தை ஒட்டியிருந்த குருவு வீட்டுப் புறவாசல் கதவு திறந்தது. வெள்ளைச் சேலையோடு, பாடிக்கொண்டே வந்தாள். சுவர் மறைக்காமல் அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இடம் விட்டேன்.

அப்போதுதான் கடையத்து அத்தையைப் பார்த்தேன். ஆவணியில் எனக்கு மாமியாராகப் போகிறவள். கொடைக்கு வந்திருந்தாள். என்னையே பார்த்தாள். என் கால் தானாக ஓர் எட்டு நகர்ந்தது. விட்ட இடம் அடைபட்டுப்போயிற்று. என் கை அடுத்தவள் கையில் போய்த் தட்டியது.

குருவு ஒரு கால் புறவாசல் படியிலும் ஒரு கால் முற்றத்திலுமாக நின்றாள். அந்த அடியைப் பாதியில் விடாமல் முழுதாகப் பாடி முடித்தாள். பிறகு பாட்டு நின்றது.

தூக்கிய கையோடு எல்லோரும் அப்படியே நின்றோம்.

"என்ன ஆச்சுட்டி? எவளாவது பாடுங்களேன்" என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பேச்சி, நீ பாடு."

நான் பாடவில்லை. நகர்ந்த எட்டைத் திரும்ப நகர்ந்தேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று தோன்றியது. ஆனால் அது தோன்ற இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

"குருவு, வாட்டி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டுக் கையை நீட்டினேன்.

புறவாசலில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நீட்டிய கையை மடக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளங்கையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.