சோலைபாடியும் புளியாரையும்

துவைக்கிற கல்லைச் சுற்றி முளைத்திருந்த புளியாரையை நர்மதா துவையலுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தபோதுதான் பச்சமுத்து வந்தார். அவள் புருஷன் சபரிநாதன் வேலை பார்த்த போர்வெல் லாரியில் அவர்தான் ஆபரேட்டர். வடக்கே வேலைக்கென்று கிளம்பிய லாரி ஊர் திரும்பிவிட்டது. சபரிநாதன் வரவில்லை.

"இன்னும் எத்தன நாளைக்கு அம்மணி வாசலையே பாத்துட்டு இருப்ப? அவன் அங்க ஒருத்தியோட போயிட்டான். நாங் கண்ணால பாத்தனே. பேசாம உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிரு சாமி."

கண்ணால் பார்த்தவர் வேலியைப் பார்த்துச் சொன்னார்.

நர்மதா கீரை கிள்ளுவதை நிறுத்தினாள். போகக்கூடியவன்தான். மலையடிவாரத்தில் பிறந்தவன், கால் ஓரிடத்தில் தரிக்காது. "நான் சோலைபாடி, நீ புளியாரை. நான் பாடிப்போட்டுப் பறந்துருவேன். நீ புடுங்கிப் போட்டாலும் அதே எடத்துல மொளைப்ப" என்று சீண்டுவான். பொழுது சாய்ந்தால் அந்தக் குருவி பாட ஆரம்பிக்கும், இந்தக் கீரை இலையை மடக்கிக்கொள்ளும். இது என்ன பொருத்தமோ என்று அவளுக்கே சிரிப்பு வரும்.

முருங்கை மரத்திலிருந்து விசில் கேட்டது. வெட்டி வெட்டி மூன்று, இழுத்து ஒன்று.

கம்ப்ரசர் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் போர் போடுகிறவர்களுக்கு எல்லாமே விசில்தான். இந்த விசிலை மட்டும் விளையாட்டுக்குக்கூட அடிக்கமாட்டார்கள். ஆள் மாட்டிக்கொண்டான், நிறுத்து என்று அர்த்தம். சபரிநாதன்கூட அவளுக்கு அதை ஊதிக் காட்டியதில்லை, விரலால் தட்டித்தான் காட்டினான்.

பச்சமுத்துவின் வலது கை சட்டென்று முன்னால் பாய்ந்து, இல்லாத லீவரைப் பிடித்துக் கீழே இழுத்தது.

கிளையில் கருந்தலையும் நீண்ட வாலும் செம்மண் நிற வயிறுமாக அந்தக் குருவி உட்கார்ந்திருந்தது. மலையில் சுனைகள் வற்றிய கோடை, தண்ணீருக்கு இறங்கியிருக்க வேண்டும்.

"சோலைபாடிங்ணா" என்றாள் நர்மதா. "கேட்ட சத்தத்த அப்படியே பாடும்னு அவிய சொல்லுவாங்க. இது கொல்லிமலைக் குருவிங்க."

"மலைக்கு நாங்க லாரியவே ஏத்துலயே அம்மணி!"

அப்படியொரு கேள்வியை அவள் கேட்கவே இல்லை.

குருவி மறுபடி ஊதியது. மூன்று, அப்புறம் ஒன்று. ஒரு தடவை கேட்டதை எந்தக் குருவியும் இவ்வளவு சுத்தமாகப் பாடாது. ஒருத்தியோடு ஓடிப்போயே இருக்கட்டும், எங்கேயாவது சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்று அவள் உள்ளுக்குள் கும்பிட்டாள்.

பச்சமுத்துவின் கை இன்னும் லீவரை விடவில்லை. கல்லின்மேல் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் புளியாரை இலை இலையாக மடங்கிக்கொண்டிருந்தது.